எழுந்தால் போர்

இரண்டு நாட்டுக்கும் எல்லையான ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. அந்த மணல்திட்டின் மேல் ஒரு பெஞ்சு. பச்சைப் பெயின்ட் அடித்த, ஒரு கால் ஆடுகிற, சாதாரண மரப் பெஞ்சு. அதன் முதுகுப் பலகையில் பக்கத்து நாட்டு நகராட்சியின் முத்திரை இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

வெள்ளம் அடித்துக்கொண்டு வந்துவிட்டது, தண்ணீர் வடிந்ததும் எடுத்துப் போகிறோம் என்று பக்கத்து நாட்டுக்காரர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள். அதிபர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று பெஞ்சு போட்டவன் நாளைக்குக் கட்டில் போடுவான், அப்புறம் குடும்பத்தோடு வந்து படுப்பான் என்று தொலைக்காட்சியில் முழங்கினார். அவர் முழங்கி முடிப்பதற்குள் நாடே கொதித்துப்போயிற்று. அதுவரை அந்த ஆற்றில் மணல்திட்டு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. இப்போது ஆளாளுக்கு அதில் பிறந்து வளர்ந்தது போலப் பேசினார்கள்.

தையல் கடை நடத்தும் தையலக்காவுக்கு மட்டும் கவலை பிடித்துக்கொண்டது. பெஞ்சை நினைத்து அல்ல, மாப்பிள்ளையை நினைத்து.

மகளைக் கட்டிக்கொடுத்து அதிக நாள் ஆகவில்லை. மாப்பிள்ளைக்கு ராணுவத்தில் வேலை. ராணுவம் என்றதும் முறுக்கு மீசையும் துப்பாக்கியுமாக நினைத்துவிடக் கூடாது. அவர் பாண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடிக்கிறவர். பல்லி விழுந்தால் நாற்காலி மேல் ஏறிக்கொள்வார். மற்றபடி தங்கமான பிள்ளை. மாமியார் வீட்டில் சாப்பிட்டால் தட்டைத் தானே கழுவி வைப்பார். போர் என்று வந்துவிட்டால் பாண்டுக் குழுவின் கையிலும் துப்பாக்கியைத் திணித்து முன்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் துணி காயப்போடும்போதுகூட வெள்ளைத் துண்டை உயர்த்திப் பிடித்துச் சரணடையப் பழகுகிறார் என்று மகள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

வேறு மாமியாராக இருந்தால் கூடச் சேர்ந்து அழுதுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். தையலக்கா அப்படி இருக்க முடியாது. அவர் பேரவை உறுப்பினர்.

அது ஒரு கூத்து. சந்தைத் தொகுதியில் இரண்டு பெரும்புள்ளிகள் மோதிக்கொண்ட தேர்தலில், இரண்டு பேரையும் பிடிக்காத ஜனங்கள், பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்த இவருக்கு வேடிக்கைக்காகக் குத்தினார்கள். குத்தினவர்கள் ஒவ்வொருவரும் தான் ஒருவர் மட்டும்தான் குத்துவதாக நினைத்துக் குத்தியதில் தையலக்கா ஜெயித்துவிட்டார். அன்றிலிருந்து பேரவையின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் ஏதாவது ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார். முன்னால் இருப்பவர் எழுந்தால் எழுவார், உட்கார்ந்தால் உட்காருவார். இதுவரை அவர் வாயைத் திறந்து பேசியதாகப் பேரவையில் யாருக்கும் நினைவில்லை.

எழுவதும் உட்காருவதும்தான் அங்கே ஓட்டு. தீர்மானத்தை ஆதரிப்பவர் எழுந்து நிற்க வேண்டும். எழாதவர்கள் எல்லாரும் எதிர்ப்பவர்கள். ஒரு காரியத்துக்குச் சம்மதம் சொல்கிறவன் அதற்காக இருக்கையை விட்டு எழுந்திருக்கவாவது வேண்டும் என்று பழைய ஆட்கள் எழுதி வைத்துவிட்டுப் போன விதி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் பேரவை கூடும் என்பதை அவர்கள் யோசிக்காமல் விட்டுவிட்டார்கள். தூங்குகிறவர்களும் எதிர்ப்புக் கணக்கில் விழுந்தார்கள். பூங்காவில் பூச்செடி வைக்கும் தீர்மானம், பூச்செடியோடு யாருக்கும் எந்தப் பகையும் இல்லாமலே, ஒருமுறை தோற்றுப்போனது. அதிலிருந்து அரசுத் தரப்புக் கொறடா ஒரு பிளாஸ்டிக் பையில் ஈரத்துணி வைத்துக்கொண்டுதான் வருவார். தன் தரப்பு ஆட்களைச் சரியாக ஓட்டுப் போட வைப்பது அவர் வேலை. ஓட்டெடுப்பு மணி அடித்ததும் வரிசை வரிசையாகப் போய்ப் பிடரியில் ஈரத்துணியை ஒற்றி எழுப்பிவிடுவார்.

அதிபருக்குப் பேரவையைக் கேட்பது என்றாலே வேப்பங்காய். இது போரே இல்லை, வெறும் 'மரச்சாமான் அகற்றும் பணி', இதற்கெல்லாம் எதற்கு அனுமதி என்று முதலில் தட்டிக்கழிக்கப் பார்த்தார். சபாநாயகர் அம்மா லேசுப்பட்டவர் இல்லை. மரச்சாமானை அகற்ற இரண்டு தச்சர் போதுமே, பீரங்கி எதற்கு என்று திருப்பிக் கேட்டார். பீரங்கி போனால் போர். போர் என்றால் பேரவை. பேரவையில் பாதிக்கு மேல் எழுந்து நிற்காமல் ஒரு சிப்பாய்கூட ஆற்றில் கால் நனைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதிபர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, ஓட்டெடுப்பைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்ட ஏற்பாடு செய்தார். எவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதை நாடு பார்க்கட்டுமே என்பது அவர் கணக்கு.

சேதி வந்த சாயங்காலமே மகள் வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, நீ மட்டும் எழுந்து நின்னேன்னு வை, அதோட உனக்கு மகளும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல."

"எல்லாரும் எழுந்திருக்கும்போது நான் மட்டும் எப்படிடி உக்காந்திருக்கிறது?"

"என்னைக் கட்டிக்கொடுக்கும்போது எல்லாரையும் கேட்டா கொடுத்தே?"

பின்னால் நின்ற மாப்பிள்ளை, அத்தையைத் தொந்தரவு செய்யாதே, நாட்டுக்காகச் சாவதும் ஒரு பாக்கியம்தானே என்று சொல்ல ஆரம்பித்தார். 'சாவதும்' என்ற இடத்திலேயே குரல் உடைந்துபோக, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் காலை தையலக்கா சந்தைத் தெருவுக்குப் போனார். தொகுதி என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சலூனுக்குப் போனால் போதும். சலூன்காரர் என்ன நினைக்கிறாரோ அதைத்தான் தொகுதி நினைக்கும். அவர் பேசும்போது யாரும் மறுத்துப் பேசுவதில்லை. கத்தி அவர் கையில், கழுத்து நாற்காலியில். அன்றைக்கு அங்கே பழக்கடைக்காரர், பூட்டு ரிப்பேர்க்காரர் என்று ஒரு கும்பலே கூடிப் பக்கத்து நாட்டைப் பாதி பிடித்து முடித்திருந்தது.

தெருவே போருக்குத் தயார் என்றார் சலூன்காரர். அக்கா மட்டும் எழுந்து நிற்காவிட்டால் அடுத்த தேர்தலில் இந்தத் தெருவில் ஒரு ஓட்டுகூடக் கிடைக்காது, அக்காவே அக்காவுக்குப் போட்டுக்கொண்டால்தான் உண்டு என்று மரியாதையாகச் சொல்லி வைத்தார்.

தையலக்கா தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பினார். மெஷின் முன்னால் உட்கார்ந்தும் மனம் ஓடவில்லை. தெருவே தயாராமே என்று யோசித்தார். தெருவே போகிறது என்றால் மாப்பிள்ளைக்குப் பேச்சுத்துணைக்கு ஆளாவது இருக்கும். ஆனால் இத்தனை பேருக்குச் சீருடை யார் தைப்பது? கடைசி நேரத்தில் வந்து நின்றுகொண்டு அவசரம், அவசரம் என்று உயிரை வாங்குவார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அவருக்கு வருடா வருடம் நடப்பதுதான். இப்போதே அளவெடுத்து வைத்தால் நல்லது என்று இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மறுபடியும் கிளம்பிவிட்டார். இதில் சூது எதுவும் இல்லை; அவர் மண்டை அப்படித்தான் வேலை செய்யும்.

சலூனில் கும்பல் இன்னும் கலையவில்லை. முதலில் பழக்கடைக்காரரைக் கையைத் தூக்கச் சொன்னார். அவரும் ஏதோ சட்டை இனாம் என்று நினைத்துத் தூக்கினார். மார்புச் சுற்றளவு எடுத்து முடித்து, தோளுக்கு டேப்பை வைக்கும்போது, எதற்கு அக்கா என்று கேட்டார். போருக்குப் போகச் சீருடை என்றதும் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. பிறகு அந்தத் தோள்பட்டையில் தனக்கு நீண்ட காலமாக ஒரு பிடிப்பு இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. பூட்டு ரிப்பேர்க்காரருக்குத் தண்ணீர் என்றால் ஆகாது, நடுவில் ஆறு வேறு இருக்கிறதாமே என்றார். மூன்றாவது ஆள் சோப்பு நுரையோடு நாற்காலியை விட்டு இறங்கி, ஒரு பக்கக் கன்னம் மட்டும் வழித்த முகத்தோடு தெருவில் நடந்து போனார். டேப்பைக் கண்டால் தெருவே இரண்டாகப் பிளந்து வழி விட்டது. பாம்பைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தால்கூட இத்தனை பேர் ஒதுங்கியிருக்க மாட்டார்கள்.

கடைசியில் சலூன்காரர்தான் மிச்சம். கடையைப் போட்டுவிட்டு அவரால் ஓட முடியவில்லை.

"அக்கா, கொள்கைன்னு ஒண்ணு இருக்கு, உடம்புன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டையும் ஒரே டேப்புல அளக்கலாமா?"

"அப்ப நான் எழுந்திருக்க வேண்டாம்தானே?"

"அது எப்படி? டிவியில பாத்துக்கிட்டு இருப்போம்ல. நீங்க எழுந்துதான் ஆகணும்."

ஆக, தொகுதியின் விருப்பம் என்னவென்றால், போர் வேண்டும், ஆனால் யாரும் போகக் கூடாது. அப்படி ஓட்டுப் போட அங்கே வழி இல்லை. எழுந்தால் மகள் போய்விடுவாள், மாப்பிள்ளையும் ஒருவேளை உலகத்தை விட்டே போய்விடுவார். உட்கார்ந்தால் துரோகி. இந்தப் பக்கமும் நெருப்பு, அந்தப் பக்கமும் நெருப்பு என்று குழம்பிக்கொண்டு நின்ற தையலக்காவிடம், பக்கத்துத் தொகுதி உறுப்பினரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார் சலூன்காரர். அந்த ஆள் வருடம் முழுக்கப் பேரவையில் தூங்குவார், தேர்தல் வந்தால் ஜம்மென்று ஜெயிப்பார், யார் வம்புக்கும் போக மாட்டார்.

அது தையலக்காவின் மூளையில் சுருக்கென்று தைத்தது. உண்மைதான். தூங்கியதற்காக இந்த நாட்டில் யாரையும் யாரும் துரோகி என்று சொன்னதில்லை. சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால் அவருக்குப் பகலில் தூக்கம் வராது. பேரவையில் ஒருநாளும் கண்ணசராத ஒரே உறுப்பினர் என்று பெயரெடுத்தவர் அவர். நடிக்கத்தான் வேண்டும். வீட்டில் நிலைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தூங்கிப் பார்த்தார். தூங்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கண்ணைத் திறந்தால், கண்ணாடியில் விழித்துக்கொண்டிருக்கிற ஒரு அம்மாள்தான் தெரிந்தாள். இரண்டு மூன்று தடவை முயன்றும் அதே அம்மாள்தான். அப்புறம் மகள் மாப்பிள்ளையை அனுப்பி வைத்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, வாயை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும் அத்தை, தலை சாய்ந்தது போதாது அத்தை என்று பவ்யமாகத் திருத்தினார். குறட்டைதான் பெரும்பாடாக இருந்தது. மாப்பிள்ளை நாற்காலிக் கையில் விரலால் தாளம் தட்டி, இழுக்க இரண்டு, நிறுத்த ஒன்று, விட இரண்டு என்று சொல்லிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் தையலக்கா தாளம் தப்பாமல் குறட்டை விடத் தேறிவிட்டார்.

ஓட்டெடுப்பு நாள். பேரவை நிரம்பி வழிந்தது. நாலு மூலையிலும் கேமரா. தையலக்காவுக்குப் பக்கத்து இருக்கை வாத்தியாருடையது. கணக்கு வாத்தியாராக இருந்து அரசியலுக்கு வந்தவர். முந்தின நாள் பேசும்போது, அந்தப் பெஞ்சைக் கொண்டு வந்து நம் பள்ளிக்கூடத்தில் போட்டு அதன்மேல் நம் பிள்ளைகளை நிற்க வைப்பேன் என்று மேசை அதிரத் தட்டியவர். தட்டிய கையில் இன்னும் கட்டுப் போட்டிருந்தது. இப்படிப்பட்ட ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்க வேண்டுமே என்று தையலக்கா இருக்கையின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார்.

அதிபர் பேச ஆரம்பித்தார். பெஞ்சின் நீளம், அகலம், அதன் பின்னால் இருக்கிற சதி என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. தையலக்கா மெல்லத் தலையைச் சாய்த்து, வாயைப் போதுமான அளவு திறந்து, கண்ணை மூடினார். மணி அடித்தது. ஆதரிப்பவர்கள் எழலாம் என்றார் சபாநாயகர் அம்மா.

தையலக்கா மூச்சை இழுத்தார். இழுக்க இரண்டு. அதற்குள் பக்கத்தில் இருந்து ஒரு குறட்டை கேட்டது.

வாத்தியாருடையது. நிஜக் குறட்டை இல்லை. நடுவில் தொண்டை கரகரக்க, "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்த குறட்டை. பின்னாலேயே முன்வரிசையில் ஒன்று. வலது பக்கம் ஒன்று. இடது பக்கம் ஒரு கூட்டமாக. தையலக்கா ஒரு கண்ணை நூல் கோர்க்கிற அளவுக்குத் திறந்து பார்த்தார். பேரவையே சரிந்து கிடந்தது. எதிர்க்கட்சித் தலைவர் மேசைமேல் கவிழ்ந்திருந்தார். போர் வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்த உறுப்பினர் பக்கத்து ஆளின் தோளில் வாய் பிளந்து கிடந்தார். மீன்வளத்துறை அமைச்சர் வீட்டிலிருந்து தலையணையே கொண்டு வந்திருந்தார். எழுந்து நின்றவர்கள் என்று பார்த்தால் அதிபரும், அவருடைய மைத்துனரும், இன்னும் விரல்விட்டு எண்ணுகிற மாதிரி ஓரிருவரும்தான்.

கொறடா ஈரத்துணியோடு, யார் எந்தத் தரப்பு என்றுகூடப் பார்க்காமல் ஓடினார். இதுவரை தொட்டவுடன் துள்ளி எழுந்தவர்கள் எல்லாம் இன்றைக்குக் கல்லாகக் கிடந்தார்கள். பிடரியில் பிழிந்தார், காதைத் திருகினார். எதிர்க்கட்சித் தலைவர் மட்டும், இன்னும் அஞ்சு நிமிஷம்மா என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தார். துணி காய்ந்துபோனதுதான் மிச்சம்.

தூங்குகிறவனுக்கு ஏது கருத்து, இந்த ஓட்டு செல்லாது என்று அதிபர் குதித்தார். சபாநாயகர் அம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சந்தேகம் வந்தால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று இருந்தது. அப்படியானால் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார் அதிபர். அந்தத் தையல்கார அம்மாள் ஒருநாளும் தூங்கினது கிடையாது என்பது ஊருக்கே தெரியும். எதற்கும் எதிர்த்து நிற்காதவள். அவள் ஒருத்தி எழுந்துவிட்டால் மற்றவர்கள் தானாக எழுந்துவிடுவார்கள் என்று அவர் நினைத்தார்.

கூப்பிட்டார்கள். தையலக்கா குறட்டையைத் தொடர்ந்தார்; ஆனால் தாளம் தப்பிவிட்டது. கொறடா வந்து பக்கத்தில் குந்தினார். கேமரா எல்லாம் இப்போது இந்தப் பக்கம்தான், தொகுதியே பார்க்கிறது என்று காதோரம் கிசுகிசுத்தார். தையலக்கா அசையவில்லை. கொறடா குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அக்கா, உங்க மாப்பிள்ளை விஷயம் எனக்குத் தெரியும். சமையல் கூடத்துக்கு மாத்திர்றேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டு பத்திரமா இருப்பாரு. எழுந்திருங்க, போதும்."

குறட்டை நின்றது.

மூடிய கண்ணுக்குள் தையலக்காவுக்கு மாப்பிள்ளை தெரிந்தார். வெங்காயம் உரித்து அழுதுகொண்டிருந்தார், உயிரோடு. மகள் சிரித்தாள். இதைவிட வேறு என்ன வேண்டும்? பாதம் தரையில் ஊன்றிக்கொண்டது. எழ வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது: டிரம்மைச் சும்மா விட்டு வைக்க மாட்டார்களே, அங்கே வேறொருத்தரை நிறுத்துவார்கள். அவருக்கும் எங்கேயோ ஒரு மாமியார் இருப்பாள். அவளுக்குப் பேரவையில் இருக்கை இருக்காது, கொறடாவைத் தெரிந்திருக்காது.

தையலக்கா கண்ணைத் திறந்தார்.

"நான் தூங்கலைங்க," என்றார். மைக்கில் அது எல்லாருக்கும் கேட்டது. "உக்காந்திருக்கேன்."

பேரவையில் அத்தனை குறட்டையும் ஒரே சமயத்தில் நின்றது. அப்படியானால் எதிர்ப்பா என்று சபாநாயகர் அம்மா கேட்டார். தையலக்கா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். மைக்கில் தலையாட்டு கேட்காது, வாயால் சொல்ல வேண்டும் என்றார் சபாநாயகர் அம்மா.

"எதிர்ப்புதாங்க."

பிறகு வாத்தியார், கண்ணைத் திறக்காமலே, கட்டுப்போட்ட கையை லேசாகத் தூக்கி, "என்னையும் சேத்துக்குங்க" என்றார். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்ந்தார். முன்வரிசையில் யாரோ தூக்கத்தில் புலம்புகிற பாவனையில், நானும் என்றார். மீன்வளத்துறை அமைச்சர் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். அதையும் எதிர்ப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். கண்ணைத் திறந்து சொன்னவர்களும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். தீர்மானம் தோற்றது. அதிபர் வெளியே போகும்போது கதவை ஓங்கிச் சாத்தினார். அந்தச் சத்தத்தில் பக்கத்துத் தொகுதி உறுப்பினர் மட்டும் திடுக்கிட்டு விழித்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். அவர் ஒருத்தர்தான் நிஜமாகவே தூங்கியிருந்தார்.

மறுநாள் காலை சலூன்காரர் தையலக்காவின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னபோது மாட்டேன் என்றார்.

"சாயங்காலம் உங்களைக் கண்டிச்சு ஊர்வலம் வருதுக்கா. வீட்ல இருப்பீங்களா?"

"இருக்கேன்."

"கொஞ்சம் திட்டுவோம்."

"திட்டுங்க. கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம், பக்கத்து வீட்ல கைக்குழந்தை இருக்கு."

சொன்னபடி ஊர்வலம் வந்தது. பழக்கடைக்காரர் பிடிப்பு இருந்த தோளில்தான் கொடியைச் சாத்தியிருந்தார். துரோகி ஒழிக என்று சலூன்காரர் எடுத்துக் கொடுக்க, முன்னால் போனவர்கள் 'துரோகி' என்னும்போது பின்னால் வந்தவர்கள் 'ஒழிக' என்றார்கள்; நடுவில் இருந்தவர்கள் இரண்டையும் விட்டுவிட்டார்கள். அதைக் கேட்கச் சகிக்கவில்லை. விடுப்பில் வந்திருந்த மாப்பிள்ளை ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். பல்லைக் கடித்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், மூலையில் இருந்த டிரம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

"எங்க அம்மாவைத் திட்டுறாங்க, நீங்க போய் அதுக்கு அடிக்கிறீங்களா?" என்று மகள் வாசலில் நின்று கத்தினாள்.

திட்டுவதைத் திருத்தமாகத் திட்டட்டுமே என்று அவர் நடந்துகொண்டே சொன்னார். டிரம் இரண்டு முறை முழங்கியதும் ஊர்வலம் ஒழுங்குக்கு வந்தது. கால்கள் சேர்ந்தன, குரல்கள் சேர்ந்தன. தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தபோது அது ஒரு திருவிழா போலவே இருந்தது. ஜனங்களுக்கு விட மனம் வரவில்லை. சலூன்காரர் வேர்த்து விறுவிறுத்து வாசலுக்கு வந்து, நாளைக்கும் வரலாமா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் வரலாம் என்றார் தையலக்கா. அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு விடுப்பு இல்லை.